கேட்டால் வராதது: ஆண்களின் பாலியல் சிக்கலும் மனவழிச் சிகிச்சை வந்த பாதையும்

"ஆண்மைக்குறைவு" என்ற ஒரே சொல்லுக்குள் தமிழில் குறைந்தது நான்கு சிக்கல்களை அடைத்து வைத்திருக்கிறோம். ஆசையே எழாமல் இருப்பது ஒன்று. ஆசை இருந்தும் விறைப்பு வராமலோ வந்து நிற்காமலோ போவது இன்னொன்று. விந்து சட்டென்று வெளியேறிவிடுவது மூன்றாவது. எவ்வளவு நேரமானாலும் வெளியேறாமல் இருப்பது நான்காவது. போதாக்குறைக்குக் குழந்தையின்மையையும் இதிலேயே சேர்த்துவிடுகிறோம். நல்ல விறைப்பு உள்ள ஒருவருக்கு விந்தணு குறைவாக இருக்கலாம். விறைப்பே வராத ஒருவருக்கு விந்தணு எண்ணிக்கை சரியாக இருக்கலாம்.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. "இது மனசு சம்பந்தப்பட்டது" என்று மருத்துவர் சொன்னால், கேட்பவர் காதில் அது "உனக்கு ஒன்றுமில்லை, சும்மா கற்பனை" என்று விழுகிறது. அவமானத்தோடு எழுந்து போய், அடுத்த வாரம் ஏதோவொரு லாட்ஜில் நடக்கும் வைத்திய முகாமில் பல ஆயிரம் ரூபாய்க்கு லேகியம் வாங்குகிறார். மனம் காரணமாக வரும் விறைப்புக் குறைபாடு கற்பனை கிடையாது. வேதிப்பொருளும் நரம்பும் தசையும் சேர்ந்து செய்யும் வேலை அது. அந்த வேலையைப் புரிந்துகொண்டால், 200 ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவர்கள் தட்டுத்தடுமாறி எதைக் கண்டுபிடித்தார்கள் என்பதும் புரியும்.

முயன்றால் ஓடிப்போகும் விஷயங்கள்

கையைத் தூக்கு என்றால் கை தூக்கும். தூங்கு என்றால் தூக்கம் வருமா? மறுநாள் காலை 4 மணிக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று 9 மணிக்கே படுத்தவரைக் கேட்டுப் பாருங்கள். மணியைப் பார்க்கப் பார்க்கத் தூக்கம் விலகிப்போகும். பேருந்து நிலையக் கழிப்பறையில் பின்னால் வரிசை நிற்கும்போது சிறுநீர் வராமல் தவிப்பதும் இதே வகைதான். அடக்க முடியாமல் ஓடி வந்தவருக்குத்தான் அப்படி ஆகிறது.

சிறுநீர், வியர்வை, கண்ணீர் இவையெல்லாம் நம் கட்டளைக்குக் காத்திராத நரம்புகளின் பொறுப்பில் இருக்கின்றன. இவற்றுக்குத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்று பெயர். இதில் இரண்டு அணிகள். ஆபத்து வரும்போது இதயத்தை வேகப்படுத்தி, ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார் செய்பவை பரிவு நரம்புகள். சாப்பிட்டபின், ஓய்வில், பாதுகாப்பாக இருக்கும்போது வேலை செய்பவை எதிர்ப்பரிவு நரம்புகள். விறைப்பைத் தொடங்கி வைப்பது முக்கியமாக இந்த இரண்டாவது அணி. அது பாதுகாப்பான நேரத்தின் வேலை.

மடையும் வடிகாலும்

ஆண்குறிக்குள் எலும்பு இல்லை, விறைப்பை உண்டாக்கும் பெரிய தசையும் இல்லை. நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு தண்டுகள் இருக்கின்றன. அந்தப் பஞ்சின் சுவர்களிலும், அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களின் சுவர்களிலும் மிக நுண்ணிய தசைகள் உண்டு. சாதாரண நேரத்தில் இந்தத் தசைகள் இறுகியே இருக்கும். மடையை அடைத்து வைத்த வயல் மாதிரி உள்ளே ரத்தம் அதிகம் வராது; உறுப்பு தளர்ந்திருக்கும்.

கிளர்ச்சி ஏற்படும்போது நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது தசைகளைத் தளர்த்துகிறது. மடை திறக்கிறது, ரத்தம் பாய்கிறது, பஞ்சு உப்புகிறது. உப்பிய பஞ்சு ரத்தம் வெளியேறும் சிரைகளை வெளியுறையோடு சேர்த்து அழுத்துவதால் வடிகாலும் அடைபடுகிறது. உள்ளே வந்தது உள்ளேயே நிற்கிறது. விறைப்பு என்பது இவ்வளவுதான்: இறுகியிருந்த தசை தளர்வது. உறுப்பு கெட்டியாக வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் தசை இளக வேண்டும். இது பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது.

இப்போது பயத்தை உள்ளே கொண்டுவருவோம். பயந்தால் பரிவு நரம்புகள் விழிக்கின்றன. அவை நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. அந்த வேதிப்பொருள் அதே நுண் தசைகளை இறுக்குகிறது. மடை மூடுகிறது, சில நொடிகளில் வடிகாலும் திறந்துகொள்கிறது. பாம்பைக் கண்டு பயந்தாலும் மனைவி முன்னால் தோற்றுப்போவோமோ என்று பயந்தாலும் தசைக்கு வித்தியாசம் தெரியாது.

ஒரு தடவை எப்படி ஒரு வருடமாகிறது

யாருக்கும் என்றாவது ஒருநாள் விறைப்பு வராமல் போகும். களைப்பு, குடி, முதலிரவுப் பதற்றம், பக்கத்து அறையில் உறவினர் கூட்டம், மனத்தாங்கல் என்று எதுவும் காரணமாகலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 வரையறைப்படி, ஏறத்தாழ 6 மாதங்களாவது, நான்கில் மூன்று தடவைக்கும் மேல் இப்படி நடந்து, அது மன உளைச்சலும் தந்தால்தான் குறைபாடு என்ற பேச்சே எழும். போன சனிக்கிழமை நடந்தது நோய் ஆகாது.

ஆனால் அந்த ஒரு தடவையை மனம் விடுவதில்லை. அடுத்த முறை நெருங்கும்போதே "இன்றைக்கு வருமா?" என்ற கேள்வி கூடவே வருகிறது. அந்தக் கேள்வி இரண்டு கேடுகளைச் செய்கிறது. ஒன்று, பரிவு நரம்புகளை எழுப்புகிறது. இதைச் சோதனைப் பதற்றம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு, கவனத்தைத் திருடுகிறது. மனைவியின் வாசனையிலும் தொடுதலிலும் இருக்க வேண்டிய மனம், கட்டிலுக்கு வெளியே நின்று, "இப்போது எந்த அளவில் இருக்கிறது?" என்று தன் உடம்பையே கண்காணிக்கிறது. இதை வேடிக்கை பார்த்தல் என்று சொல்லலாம். கிளர்ச்சிக்கு எரிபொருளே அந்தத் தொடுதலும் வாசனையும்தான். அது நின்றால் விறைப்பு குறையும். குறைந்ததைக் கண்காணிப்பவர் உடனே கவனிக்கிறார், பயம் கூடுகிறது, இன்னும் குறைகிறது.

இதுவரை பார்த்தது: விறைப்புக்குத் தசை தளர வேண்டும். பயம் தசையை இறுக்கும். கண்காணிப்பு கிளர்ச்சியைத் துண்டிக்கும். ஒரு தோல்வி அடுத்த தோல்விக்குப் பயத்தைக் கொடுக்கும். இந்தச் சுழலை எங்கே வெட்டுவது என்பதுதான் இனிவரும் வரலாறு முழுவதும்.

மருந்தாகாத பழைய மருந்துகள்

மனம் இதில் நுழைகிறது என்பது பழங்காலத்துக்கும் தெரிந்ததே. சுசுருத சம்ஹிதை ஆண்களின் இயலாமையை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அதில் முதலாவது மனத்தால் வருவது: கசப்பான எண்ணங்கள் எழுவதாலோ, பிடிக்காத பெண்ணோடு சேர வேண்டிய கட்டாயத்தாலோ ஆசை அடங்கிப்போவது. அவ்வளவு பழைய நூலில் இவ்வளவு தெளிவு இருக்கிறது.

இடைக்கால ஐரோப்பாவில் பழி சூனியத்தின் மேல் விழுந்தது. திருமணச் சடங்கின்போது யாராவது ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டால் மணமகனின் உறுப்பு "கட்டப்பட்டுவிடும்" என்று பிரான்சில் பரவலாக நம்பினார்கள். 1580இல் வெளிவந்த தன் கட்டுரைகளில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் மோந்தேன் இதை மறுத்தார். இது முடிச்சின் வேலையன்று, பயத்தின் வேலை என்றார். அவருக்குத் தெரிந்த ஒருவர், வேறொருவரின் தோல்விக் கதையைக் கேட்டதிலிருந்து அதே தோல்விக்கு ஆளானாராம். எப்படி மீண்டார் என்பதுதான் முக்கியம்: எனக்கு இப்படி ஆவதுண்டு என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். எதிர்பார்ப்பு இறங்கியது, மனப்பாரம் குறைந்தது, உடம்பு ஒத்துழைத்தது.

அதே பிரான்சில் இதற்கு நேர் எதிரான கொடுமையும் நடந்தது. கணவனால் இயலவில்லை என்று மனைவி திருமண ரத்து கேட்டால், மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் சோதிக்க, தம்பதி உறவு கொண்டு காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிடலாம். லான்ஷே பிரபு என்பவர் இந்தச் சோதனையில் தோற்று, 1659இல் அவருடைய திருமணம் ரத்தானது. பிறகு அவர் வேறொரு பெண்ணை மணந்து ஏழு குழந்தைகளுக்குத் தகப்பனானார். 1677இல் பாரிஸ் நீதிமன்றம் இந்தச் சோதனை முறையையே ஒழித்தது. சோதனைப் பதற்றத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடிப்பிடிக்க முடியாது. அவருடைய உறுப்பில் எந்தக் குறையும் இருக்கவில்லை. சுற்றி நின்றவர்கள்தான் குறை.

ஹன்டரின் ஆறு இரவுகள்

1786இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், பால்வினை நோய்கள் பற்றிய தன் நூலில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதருக்கு ஒரு குறிப்பிட்ட பெண்ணிடம் மட்டும் இயலாமல் போயிற்று. மற்ற நேரங்களில் சிக்கல் இல்லை. ஆகவே உறுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, தடை மனத்தில்தான் என்று ஹன்டர் முடிவுகட்டினார்.

அவர் லேகியம் தரவில்லை. அந்தப் பெண்ணோடு ஆறு இரவுகள் ஒரே படுக்கையில் படுங்கள், எவ்வளவு ஆசையும் பலமும் வந்தாலும் உறவு கொள்ள மாட்டேன் என்று உங்களுக்கு நீங்களே உறுதி கொடுங்கள் என்றார். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அவர் வந்து சொன்னது: "முடியாமல் போய்விடுமோ" என்ற பயத்தோடு படுத்தவர், இப்போது "ஆசை அளவுக்கு மீறிவிடுமோ" என்ற பயத்தோடு படுத்தாராம். அப்படியே மீறியதாம். ஆறு இரவுகளைக் குறைத்துக்கொள்ள முடியாதா என்று ஏங்கினாராம். ஒருமுறை அந்தக் கட்டு உடைந்தபின் பழைய நிலைக்கு அவர் திரும்பவே இல்லை.

இந்தச் சிகிச்சை செய்தது ஒன்றே ஒன்று. தேர்வை ரத்து செய்தது. தேர்வே இல்லை என்றால் தோல்வி இல்லை. தோல்வி இல்லை என்றால் கண்காணிக்க ஒன்றுமில்லை. கண்காணிப்பவர் போய்விட்டால் தொடுதல் தன் வேலையைச் செய்யும். நைட்ரிக் ஆக்சைடு பற்றி எதுவும் தெரியாத காலத்தில், நோயாளியைக் கூர்ந்து கவனித்தே ஹன்டர் இதைப் பிடித்துவிட்டார். இந்தத் துறையின் வரலாற்றிலேயே மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். அதை மருத்துவ உலகம் ஏறத்தாழ 180 ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டது.

நாற்பது துளி ரத்தம் என்ற கதை

கிடப்பில் போட்டதற்கு ஒரு காரணம், அதற்கு முன்பே வேறொரு கருத்து வேரூன்றியிருந்தது. லோசான் நகர சுவிஸ் மருத்துவர் சாமுவேல் டிசோ 1760இல் சுயஇன்பத்துக்கு எதிராக ஒரு நூல் எழுதினார். ஓர் அவுன்ஸ் விந்து போவது 40 அவுன்ஸ் ரத்தம் போவதைவிட உடம்பைப் பலவீனப்படுத்தும் என்றார். இதற்கு எந்தச் சோதனை ஆதாரமும் கிடையாது. ஆனாலும் ஐரோப்பா முழுவதும் அந்தக் கருத்து பரவியது. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு, நரம்புகளின் சக்தி தீர்ந்துபோவதால் வரும் நோய் என்று "நியூராஸ்தீனியா"வைப் பிரபலப்படுத்தினார். நரம்பின் பலவீனம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். பாலியல் நரம்புப் பலவீனம் என்று அதில் ஒரு கிளையையும் அவர் வகுத்தார்.

"நரம்புத் தளர்ச்சி" என்று நம் ஊர் விளம்பரங்களில் படித்தது நினைவுக்கு வரும். ஒரு துளி விந்து நாற்பது துளி ரத்தத்துக்குச் சமம் என்று பள்ளிக்கூடப் பையன்கள் காதில் ஓதப்படுவதும் நினைவுக்கு வரும். ஏழு தாதுக்களில் விந்தே கடைசி சாரம் என்ற நம் பழைய மருத்துவக் கருத்து ஏற்கெனவே இங்கே இருந்தது. ஐரோப்பாவில் காலாவதியான நரம்புக் கொள்கையை ஒத்த பேச்சும் சேர்ந்துகொண்டது. சொப்பன ஸ்கலிதத்தாலோ கைப்பழக்கத்தாலோ விந்து போய் உடல் தேய்கிறது என்ற அச்சத்தோடு களைப்பு, உடல்வலி, விறைப்புக் குறைவு என்று வரும் இளைஞர்களின் நிலைக்கு, இந்திய மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் "தாது நோய்க்குறி" என்று பெயரிட்டார்.

உண்மை இதுதான். ஒருமுறை வெளியேறும் விந்து பெரும்பாலும் 2 முதல் 5 மில்லி. அதில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர். உமிழ்நீரைப் போல அது ஊறிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் வெளியேறுவது இயல்பு. சுயஇன்பத்தால் நரம்பு தளராது, உறுப்பு சுருங்காது. ஆனால் "நான் கெடுத்துக்கொண்டேன்" என்ற நம்பிக்கை விறைப்பைக் கெடுக்கும். திருமணத்துக்கு முன்பே தோல்வியை எதிர்பார்த்துக்கொண்டு படுக்கைக்குப் போகும் இளைஞனின் பரிவு நரம்புகள் ஏற்கெனவே விழித்திருக்கின்றன. பயத்தை விற்றுவிட்டுப் பிறகு அந்தப் பயத்துக்கே மருந்து விற்பவர்கள் செய்யும் கேடு இது. இதை மென்மையாகச் சொல்ல எந்த அவசியமும் இல்லை.

ஃபிராய்டும் வியன்னாவும்

மனத்தின் ஆழத்தைப் பேச்சின் வழியே தோண்டும் உளப்பகுப்பாய்வை வியன்னாவில் நிறுவியவர் சிக்மண்ட் ஃபிராய்டு. 1912இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, பலவகைப் பதற்றங்களை அடுத்து உளப்பகுப்பாய்வாளரைத் தேடி அதிகம் பேர் வருவது மனவழி இயலாமைக்காகத்தான் என்று தொடங்குகிறது. சில ஆண்களுக்குள் அன்பும் காமமும் இரண்டு தனி ஓடைகளாகப் பிரிந்துவிடுகின்றன, மதிக்கும் பெண்ணிடம் ஆசை வராது, ஆசை வரும் பெண்ணிடம் அன்பு வராது என்பது அவர் விளக்கம். இன்றும் ஆலோசனை அறைகளில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். மனைவியைத் தெய்வமாக்கிவிட்டு அருகில் போக முடியாமல் தவிப்பவர்கள்.

சிகிச்சையில்தான் குறை. குழந்தைப் பருவத்தைத் தோண்டி வேரைக் கண்டுபிடித்தால் நோய் தானே போகும் என்று வாரத்துக்குப் பல நாட்களாக, ஆண்டுக்கணக்கில் பேச வைத்தார்கள். காரணம் தெரிந்தும் படுக்கையில் பயம் போகாதவர்கள் நிறைய. நெருப்பு எப்படிப் பற்றியது என்று தெரிந்துகொள்வதும் அதை அணைப்பதும் வேறு வேறு வேலைகள்.

அதே வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் ஒரு படி அருகே வந்தார். இன்பத்தை நேராகக் குறிவைத்தால் அது நழுவும். தன்னையே உற்றுப் பார்ப்பதும் அதைக் கெடுக்கும். ஆகவே கவனத்தைத் தன்னிடமிருந்து துணையிடம் திருப்பு என்றார்.

பயத்தைப் படிப்படியாகக் கரைத்தல்

தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே 1958இல் தன் முறையை நூலாக வெளியிட்டார். தளர்வும் பயமும் ஒரே நேரத்தில் ஓர் உடம்பில் இருக்க முடியாது என்பது அவர் அடிப்படை. பயம் தரும் விஷயங்களை ஏணிப்படிபோல அடுக்கி, கீழ்ப்படியில் மனம் தளர்ந்தபிறகே மேல்படிக்குப் போகச் சொன்னார். பாலியல் சிக்கலிலும் அவர் இதைப் பயன்படுத்தினார்: பதற்றம் எழும் இடத்துக்கு முன்பே நில், அங்கே நிம்மதி வந்தபின் அடுத்த அடி.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மகப்பேறு மருத்துவர் வில்லியம் மாஸ்டர்ஸும் அவருடைய ஆய்வுத்துணை வர்ஜினியா ஜான்சனும் 1950களின் இறுதியிலிருந்து மனித உடலின் பாலியல் மாற்றங்களை ஆய்வகத்தில் நேரடியாக அளந்தார்கள். 1970இல் சிகிச்சை முறையை வெளியிட்டார்கள். அதில் மூன்று முடிவுகள் புரட்சிகரமானவை. முதலாவது, நோயாளி என்று தனி ஆள் கிடையாது. தம்பதியின் உறவுக்குத்தான் சிகிச்சை. இரண்டாவது, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து சிகிச்சை தருவார்கள், கணவன் மனைவி இருவரின் பேச்சையும் புரிந்துகொள்ள. மூன்றாவது, இரண்டே வாரம், தினமும். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்குப் பலன் கிடைத்ததாக அறிவித்தார்கள். வெற்றி, தோல்வி என்பதை அவர்கள் எப்படி வரையறுத்தார்கள் என்பது தெளிவாக இல்லை என்று 1980இல் பெர்னி ஸில்பர்கெல்டும் மைக்கேல் எவன்ஸும் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. ஆனாலும் அவர்கள் தந்த பயிற்சி இன்றுவரை நிற்கிறது. ஹன்டரின் ஆறு இரவுகளைப் படிகளாக விரித்தால் அதுதான்.

தொடுகைப் பயிற்சி: படிகளும் வழுக்கும் இடங்களும்

தொடுகைப் பயிற்சி என்பது எந்த இலக்கும் இல்லாமல், தொடும் உணர்வில் மட்டும் கவனம் வைத்துப் பழகுவது. இன்று பெரும்பாலும் வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், 30 முதல் 60 நிமிடம், வீட்டில் செய்யச் சொல்கிறார்கள்.

முதல் படியில் உடலுறவுக்கு முழுத் தடை. மார்பு, பிறப்புறுப்பு இரண்டையும் தொடக் கூடாது. ஒருவர் படுத்திருக்க, மற்றவர் தலைமுதல் கால்வரை தொடுகிறார். 15 நிமிடம் கழித்து மாறிக்கொள்கிறார்கள். தொடுபவர் "இவருக்குப் பிடிக்கிறதா?" என்று யோசிக்க வேண்டியதில்லை, விரலுக்குக் கீழே தோலின் சூடு, மென்மை, சொரசொரப்பு எப்படி இருக்கிறது என்பதைத் தன் ஆர்வத்துக்காகக் கவனிக்கிறார். படுத்திருப்பவர், வலித்தாலோ கூச்சமாக இருந்தாலோ மட்டும் சொல்கிறார். விறைப்பு வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

இரண்டாம் படியில் மார்பையும் பிறப்புறுப்பையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கேயே நிற்பதில்லை, கை நகர்ந்துகொண்டே இருக்கும். தடை தொடர்கிறது.

மூன்றாம் படிதான் மருந்து என்று சொல்ல வேண்டும். விறைப்பு வந்ததும் வேண்டுமென்றே தொடுவதை நிறுத்தி, அது அடங்கும்வரை சும்மா இருக்கிறார்கள். பிறகு மீண்டும் தொடுகிறார்கள், மீண்டும் வருகிறது. ஒரே அமர்வில் இரண்டு மூன்று தடவை. "போனால் திரும்பாது" என்பதுதான் அந்த ஆணின் மூலபயம். போனதும் திரும்புகிறது என்பதை உடம்பே கண்டுகொள்ளும்போது அந்தப் பயத்துக்குக் காலூன்ற இடமில்லை.

அதன்பிறகு, அசைவில்லாமல் உள்ளே வைத்திருப்பது. பிறகு மெதுவான அசைவு. கடைசியாகத்தான் வழக்கமான உறவு. ஒவ்வொரு படியிலும் பதற்றம் எழுந்தால் ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டும்.

எங்கே கெடும்? பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, இரண்டாம் வாரத்திலேயே நல்ல விறைப்பு வந்துவிட, மகிழ்ச்சியில் தடையை மீறுவது. ஒருவேளை நன்றாகவே முடிந்தாலும் "அடுத்த தடவையும் வருமா?" என்ற தேர்வு திரும்ப வந்துவிடும். இரண்டாவது, தொடுகையை மசாஜாக மாற்றி, துணையை மகிழ்விக்கும் கடமையாக்குவது. கடமை வந்தால் மதிப்பெண்ணும் கூடவே வரும். மூன்றாவது, மனைவி ஆதரவாக நினைத்துக்கொண்டு "இன்றைக்குப் பரவாயில்லையே" என்று சொல்வது. கண்காணிப்பவர் இப்போது இருவராகிவிட்டார்கள். இவை தவிர, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம், பக்கத்தில் கைபேசி, கதவுக்கு வெளியே குழந்தை, கூட்டுக் குடும்பத்தில் பூட்டில்லாத அறை. இவை சிறியவை போலத் தெரியும், ஆனால் பயிற்சியைக் கெடுப்பவை பெரும்பாலும் இவைதான். முதல் வேலை கதவுக்குத் தாழ்ப்பாள்.

விந்து முந்துதல்: நிறுத்து, தொடங்கு

இதன் இயக்கம் கொஞ்சம் வேறு. விந்து வெளியேறுவது பரிவு நரம்புகளும் சேர்ந்து செய்யும் வேலை. ஆகவே பதற்றம் அதைத் தாமதப்படுத்தாது, விரட்டும். ஐந்து நாடுகளில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், உறவு தொடங்கியதிலிருந்து விந்து வெளியேறும்வரையான நேரத்தை, மனைவியர் கையில் நிறுத்துக்கடிகாரம் கொடுத்து அளந்தார்கள். நடுமட்ட அளவு (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) 5.4 நிமிடம். அரைமணி நேரம் என்று நினைத்துக்கொண்டு 5 நிமிடத்துக்காக வெட்கப்படுபவர்களுக்கு இந்த எண் போதும். தொடக்கத்திலிருந்தே ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டாலோ, முன்பு நன்றாக இருந்து பிறகு ஏறத்தாழ 3 நிமிடத்துக்கோ அதற்கும் கீழோ குறைந்துவிட்டாலோதான் இதை ஒரு குறைபாடாகப் பார்க்கிறார்கள்.

1956இல் சிறுநீர்ப்பாதை மருத்துவர் (யூராலஜிஸ்ட்) ஜேம்ஸ் செமன்ஸ் "நிறுத்து, தொடங்கு" முறையை வெளியிட்டார். தூண்டலைத் தொடர வேண்டும். வெளியேறப்போகும் உணர்வு நெருங்கியதும், அதாவது திரும்ப முடியாத கட்டத்துக்கு முன்பே, முழுக்க நிறுத்த வேண்டும். உணர்வு அடங்கியபின் மீண்டும் தொடங்க வேண்டும். மூன்று தடவை நிறுத்தி, நான்காவதில் விட்டுவிடலாம். முதலில் தனியாகக் கையால், பிறகு துணையின் கையால், பிறகு உறவில். மாஸ்டர்ஸும் ஜான்சனும் நிறுத்தும் நேரத்தில் உறுப்பின் முனைக்கு அடியை 3, 4 நொடி அழுத்தச் சொன்னார்கள். பலர் தவறுவது ஒரே இடத்தில்: மிகவும் தாமதமாக நிறுத்துவது. வெளியேறும் கட்டத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால், ஆறு, ஏழு என்ற அளவிலேயே நிறுத்தினால்தான் பழகும். ஒன்பதில் நிறுத்தினால் நிற்காது. கணக்கு வாய்பாட்டை மனத்தில் ஓட்டுவதும், வேறு எதையாவது நினைத்துக்கொள்வதும் வேலைக்காகாது. இங்கே கற்க வேண்டியது தன் உணர்வின் அளவை அறிவது. கவனத்தை விலக்கினால் அதை எப்படி அறிவது?

இதுவரை பார்த்தது: ஹன்டரிலிருந்து மாஸ்டர்ஸ் வரை பலன் தந்தவை எல்லாம் கட்டளையை எடுத்துவிட்டு, கவனத்தை உணர்வின் பக்கம் திருப்பியவை.

மாத்திரை வந்த பிறகு

1970களில் பெரும்பாலான இயலாமை மனத்தால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது மிகையாகப் போய்விட்டது. கனவு வரும் தூக்கத்தில் ஓர் ஆரோக்கியமான ஆணுக்கு இரவில் 3 முதல் 5 தடவை விறைப்பு வருகிறது என்பது தெரிந்ததும், இஸ்மெட் கராஜான் போன்ற ஆய்வாளர்கள் அதையே சோதனையாக்கினார்கள். தூக்கத்தில் பயம் இல்லை. அங்கேயும் வராவிட்டால் ரத்தக்குழாயையோ நரம்பையோ பார்க்க வேண்டும். 1980இல் தபால்தலைகளை உறுப்பைச் சுற்றி வளையமாக ஒட்டி, காலையில் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனைகூட வெளிவந்தது. (புரண்டு படுத்தாலும் கிழியும் என்பதால் அதை நம்பியிருக்க முடியாது.)

1982-83இல் உறுப்பில் மருந்தை ஊசியாகச் செலுத்தி விறைப்பு வரவைக்க முடியும் என்று தெரிந்தது. 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, "இயலாமை" என்ற இழிவு தொனிக்கும் சொல்லை விட்டுவிட்டு "விறைப்புக் குறைபாடு" என்று சொல்லப் பரிந்துரைத்தது. நம் "ஆண்மைக்குறைவு" அதைவிடக் கனமான சொல். ஓர் உறுப்பின் ரத்த ஓட்டத்தை வைத்து ஒரு மனிதனின் ஆண்மையையே எடைபோடுகிறது. அதையும் விட்டுவிடலாம். 1998 மார்ச்சில் சில்டெனாஃபில் (வயாக்ரா) மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மாத்திரை என்ன செய்கிறது என்பதிலும் குழப்பம் உண்டு. அது மடையைத் திறப்பதில்லை. திறந்த மடை சீக்கிரம் மூடாமல் பார்த்துக்கொள்கிறது. நைட்ரிக் ஆக்சைடு முதலில் வர வேண்டும், அதற்குக் கிளர்ச்சி வேண்டும். கண்காணிப்பவர் கிளர்ச்சியைத் துண்டித்துவிட்டால் மாத்திரை வயிற்றில் சும்மா கிடக்கும். "மாத்திரைகூட வேலை செய்யவில்லை" என்று நொந்துபோய் வருகிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுவே.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் பார்லோவும் அவருடைய குழுவினரும் 1980களில் செய்த சோதனைகள் இதை அழகாகக் காட்டின. காமக் காட்சி ஓடும்போது மின்னதிர்ச்சி தருவோம் என்று மிரட்டியபோது, சிக்கல் இல்லாத ஆண்களின் விறைப்பு குறையவில்லை, சிலசமயம் கூடியது. சிக்கல் உள்ளவர்களுக்குக் குறைந்தது. கவனத்தைத் திருப்பும் வேலையைக் கொடுத்தபோது, சிக்கல் இல்லாதவர்களுக்குக் குறைந்தது. சிக்கல் உள்ளவர்களுக்கு அவ்வளவாக மாற்றம் இல்லை. அவர்கள் ஏற்கெனவே வேறெங்கோ கவனத்தை வைத்திருந்தார்கள். பயம் மட்டும் எதிரியன்று, பயத்தால் கவனம் எங்கே ஓடுகிறது என்பதுதான் எதிரி. இன்று மனத்தை நிகழ்கணத்தில் நிறுத்தும் பயிற்சிகளைச் சிகிச்சையில் சேர்ப்பதற்கு இந்தப் புரிதல் ஒரு காரணம்.

யாரிடம் போவது, என்ன சொல்வது

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். உறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட ஒடுக்கமானவை. அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். ஆகவே 40 வயதுக்குமேல் படிப்படியாக வந்த விறைப்புக் குறைவு, இதய நோய்க்குச் சில ஆண்டுகள் முந்தைய எச்சரிக்கையாக இருக்கலாம். ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தேவைப்பட்டால் காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஆகிய சோதனைகளைச் செய்வார்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் ரத்த அழுத்தத்துக்கான சிலவும் இதைக் கெடுக்கும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துபவர்கள் சில்டெனாஃபில் வகை மருந்துகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கும். "மூலிகை" என்று விற்கப்படும் பொடிகளிலும் இதே மருந்தைக் கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன.

சிறுநீர்ப்பாதை மருத்துவர் (யூராலஜிஸ்ட்), ஆண்களின் இனப்பெருக்க உறுப்புகளைக் கவனிக்கும் ஆண்ட்ராலஜி மருத்துவர், மனநல மருத்துவர் மூவரில் யாரிடமும் தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. முடிந்தால் துணைவியோடு போங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எப்போது தொடங்கியது, திடீரென்றா மெதுவாகவா, காலையில் எழும்போது விறைப்பு உண்டா, தனியாக இருக்கும்போது வருகிறதா, எல்லா நேரமும் இப்படியா சில நேரம் மட்டுமா, என்னென்ன மாத்திரைகள், குடி, புகை. காலையிலும் தனிமையிலும் வந்து, படுக்கையில் மட்டும் வராமல் இருந்தால், பெரும்பாலும் மடையும் வடிகாலும் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். அப்போது மருத்துவர் பெரும்பாலும் கேட்கும் அடுத்த கேள்வி, "கடைசியாக எப்போது எந்தத் தடையும் இல்லாமல் நடந்தது, அதற்கடுத்த தடவை என்ன நடந்தது?" என்பது. அதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். சிகிச்சை அந்த இரண்டாவது தடவையிலிருந்துதான் தொடங்கும்.